சந்தையும் சந்நிதியும்: சான் ஹுவான் சமூலா ஆலயம் எழுப்பும் வினாக்கள்

மெக்சிகோ நாட்டின் தென்கோடியில், குவாத்தமாலா நாட்டை அடுத்துள்ள சியாப்பாஸ் மாநிலத்தின் மலைப்பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் சான் ஹுவான் சமூலா என்னும் ஊர் உள்ளது. சான் ஹுவான் என்பது புனித யோவானைக் குறிக்கும். இங்கே கருதப்படுபவர் ஸ்நானகனாகிய யோவான். மாயா இனத்தின் ஒரு கிளையினராகிய சோட்சில் மக்கள் வாழும் இவ்வூர், சான் கிறிஸ்டோபல் தெ லாஸ் காசாஸ் என்னும் பழைய நகரத்திலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஞாயிறுதோறும் கூடும் அதன் சந்தையையும், சந்தைவெளியை நோக்கி நிற்கும் அதன் ஆலயத்தையும் காணப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். வருவோருள் பெரும்பாலோர் ஆலயத்தினுள் சிறிது நேரம் நின்று வியந்து, கம்பளித் துண்டு ஒன்றை விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். இறையியல் பயின்றோர் வேறொரு வகையில் விரைந்து திரும்பிவிடுவதுண்டு. 'கலப்புச் சமயம்' என்னும் சொல்லை அவ்வாலயத்தின் கதவில் ஒட்டியதும் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக அவர்கள் கருதிவிடுகின்றனர்.

அச்சொல் பொய்யன்று, ஆயினும் அது மிகச் சிறிதளவே விளக்குகிறது. சமூலாவில் சந்தையும் சந்நிதியும் ஒரே தறியில் நெய்யப்பட்டவை. அந்நெசவில் ஓர் இழையை உருவ முயன்றவர்கள் தம் வீட்டையும் நிலத்தையும் இழந்து ஊருக்கு வெளியே நிற்க நேர்ந்தது. 1970-களிலிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் பல்லாயிரவர். இருபதாயிரம் என்றும் முப்பதாயிரம் என்றும் மதிப்பிடுவோர் உண்டு. அவர்களுள் பெரும்பகுதியினர் நம்மைப்போன்ற புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்கள். எனவே, அவ்வாலயத்தைப் பற்றி எழுதுவது வேடிக்கை பார்த்ததை எழுதுவதாக அமைய முடியாது.

சந்தைவெளி

சமூலா வட்டத்தில், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் உள்ளனர். ஆனால் அவர்களுள் மிகச் சிலரே ஆலயத்தைச் சூழ்ந்த ஊரில் குடியிருக்கின்றனர். ஏனையோர் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் மக்காச்சோளமும் அவரையும் காய்கறியும் பயிரிட்டு, செம்மறியாடு வளர்த்து வாழ்கின்றனர். வார நாட்களில் அமைதியாகக் கிடக்கும் நடுவூர், ஞாயிறு விடியுமுன்னரே நிறைந்துவிடுகிறது. இவ்வமைப்பின் தொடக்கம் பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்தது. சிதறி வாழ்ந்த பூர்வகுடிகளை ஓரிடத்தில் திரட்டி, நடுவே ஒரு சதுர வெளியும் அதன் ஒரு பக்கத்தில் ஆலயமும் இன்னொரு பக்கத்தில் ஊராட்சி மன்றமும் அமைப்பது ஸ்பானியர் அமெரிக்காவெங்கும் கையாண்ட முறை. வரி தண்டுவதற்கும் திருமறை வினாவிடை கற்பிப்பதற்கும் அது ஒருங்கே வசதியாயிருந்தது. மக்கள் நாளடைவில் மலைக்கே திரும்பிச் சென்றனர். சதுரவெளி மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குரியதாக எஞ்சியது.

நான் அங்கே சென்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே. வெளியெங்கும் பெண்கள் தரையில் சாக்கு விரித்து அமர்ந்திருந்தனர். நீண்ட மயிர்களையுடைய கரிய கம்பளிப் பாவாடையும் நீலம் முதலிய நிறங்களில் பளபளக்கும் மேற்சட்டையும் அவர்களுடைய உடை. ஆடவருள் பலர் வெண்கம்பளியாலான கையில்லா அங்கி அணிந்திருந்தனர். பொருள்களை நிறுத்து விற்பதைவிடக் கூறு கட்டி விற்பதே அதிகம். ஐந்து தக்காளி ஒரு கூறு, நான்கு எலுமிச்சை ஒரு கூறு என்று பிரமிடுகளைப்போல் அடுக்கியிருந்ததைக் கண்டபொழுது நம் வாரச் சந்தைகளே நினைவுக்கு வந்தன. இந்த ஒப்புமை தற்செயலானதன்று என்றும் ஒரு வகையில் சொல்லலாம்: மிளகாய், தக்காளி, கொய்யா, நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று அழைக்கும் சவ்சவ், நம் கல்லறைத் திருநாளில் மாலையாகத் தொடுக்கும் செண்டுமல்லி ஆகிய அனைத்தும் மெக்சிகோவையும் அதனைச் சூழ்ந்த நாடுகளையும் தாயகமாகக் கொண்டவை. கல்லறைத் திருநாளில் அப்பூவைப் பயன்படுத்தும் வழக்கம் அவர்களிடமும் உண்டு.

சந்தையின் ஒரு மூலையில் சுண்ணாம்புக் கட்டிகள் விற்கப்படுகின்றன. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்னரே அரைத்து அடையாகத் தட்டுவர். இம்முறையால் தானியத்தில் அடங்கியுள்ள நியாசின் என்னும் சத்து உடலுக்குக் கிடைக்கக்கூடியதாகிறது. மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளிடையே பெல்லாக்ரா என்னும் கொடிய நோய் பரவிற்று. பிற பண்பாட்டிலிருந்து ஒன்றைப் பெறும்பொழுது அதனோடு சேர்ந்திருந்த எதனை விட்டுவிடுகிறோம் என்பது அறியாமற்போவது சமயத்திற்கு மட்டும் உரிய ஆபத்தன்று.

செம்மறியாட்டைப் பற்றி ஒரு சொல். ஆடு இந்நாட்டிற்கு ஸ்பானியரோடு வந்த விலங்கு. சமூலாப் பெண்கள் ஆடுகளுக்குப் பெயரிட்டு மேய்த்து, மயிர் கத்தரித்து, நூற்று, இடுப்பில் கட்டிய தறியில் நெய்கின்றனர். ஆனால் ஆட்டைக் கொன்று உண்ணமாட்டார்கள். ஊரின் பாதுகாவலராகிய யோவானின் கையில் ஆட்டுக்குட்டி உள்ளதல்லவா? அவ்வாடு அவருக்குரியது. ஆட்டுக்குட்டியானவரைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசியின் சின்னம், நான்கு நூற்றாண்டுகளில், உண்மையான ஆடுகளின் உயிரைக் காக்கும் கட்டளையாக மாறிவிட்டது. இம்மாற்றத்தில் இழப்பு மட்டுமே உள்ளதென்று என்னால் சொல்ல இயலவில்லை.

காய்கறிக் கூறுகளின் இடையே வேறு சில பொருள்களும் குவிந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காண்பர்: பல நிறங்களிலும் பல உயரங்களிலும் கட்டுக்கட்டாக மெழுகுவர்த்திகள்; பசும் பைன் ஊசியிலைகள் நிறைந்த மூட்டைகள்; கோப்பால் என்னும் மரப்பிசின், நம் சாம்பிராணியைப்போலத் தணலில் இடுவதற்குரியது; கால் கட்டப்பட்ட உயிர்க்கோழிகள்; முட்டைகள்; போஷ் என்னும் கரும்பு மதுப் புட்டிகள்; அவற்றோடு கோக்கா-கோலா, பெப்சி முதலிய குளிர்பானங்கள். போஷ் என்பதற்குச் சோட்சில் மொழியில் மருந்து என்று பொருள். இவையனைத்தும் சில அடிகள் தொலைவிலுள்ள ஆலயத்தினுள் செல்வதற்காக அங்கே காத்திருப்பவை.

ஆலயத்தினுள்

ஆலயத்தின் முகப்பு வெண்மையானது. வாயில் வளைவைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாய் அழகுசெய்யப்பட்டுள்ளது. உட்செல்ல விரும்பும் அயலார் ஊராட்சி அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறவேண்டும். உள்ளே படம் எடுப்பது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. இத்தடை எனக்கு உவப்பாகவே இருந்தது. ஒருவர் தம் பிள்ளையின் நோய்க்காக முழந்தாளிட்டு அழும்பொழுது அவரைப் படம் எடுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

உள்ளே இருக்கைகள் ஒன்றேனும் இல்லை. பிரசங்க மேடையை நாடி நம் கண்கள் அலைவது வீண். தரை முழுவதும் பைன் இலைகள் பரப்பப்பட்டு, மலைக்காடு ஒன்று கூரைக்கடியில் வந்து படுத்துக்கொண்டதைப்போல் மணம் வீசுகிறது. இரு சுவர்களையும் ஒட்டிக் கண்ணாடிப் பேழைகளில் புனிதர்களின் சுரூபங்கள் நிற்கின்றன. அடுக்கடுக்காக ஆடைகள் அணிந்த அவர்களுள் பலரது மார்பில் முகம் பார்க்கும் கண்ணாடிகள் தொங்குகின்றன. நடுப்பீடத்தின் முதலிடம் யோவானுக்கு. கிறிஸ்துவின் உருவங்களும் உண்டு. ஆனால் சமூலா மக்களின் மனத்தில் கிறிஸ்து எங்கே இருக்கிறார் என்பதை அறிய வானத்தை நோக்க வேண்டும். இம்மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலறிஞர் கேரி கொசென் 1974-இல் வெளியிட்ட நூலில் விளக்கியபடி, கதிரவனே அவர்களுக்குத் தந்தை, அவனே கிறிஸ்து. நிலவு அவனுடைய தாய், அவளே மரியாள். உயிர்த்தெழுதல் என்பது நாள்தோறும் கிழக்கில் நிகழ்வது.

வழிபாட்டை நடத்தும் குருவானவர் எவரும் பீடத்தில் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தரையில் தனக்கென ஓரிடம் தேர்ந்து, இலைகளை ஒதுக்கி, மெழுகை உருக்கித் தரையிலேயே மெழுகுவர்த்திகளை வரிசையாக நடுகின்றது. வைத்தியம் செய்யும் மூதாட்டி ஒருத்தி நோயுற்றவரின் நாடி பிடித்துப் பார்க்கிறாள். முட்டையால் அல்லது கோழியால் அவர் உடலைத் தடவுகிறாள். நீண்ட, ஏற்ற இறக்கமுள்ள மன்றாட்டைச் சோட்சில் மொழியில் உரக்கக் கூறுகிறாள். சில வேளைகளில் கோழி அவ்விடத்திலேயே கழுத்துத் திருகப்படும். போஷ் ஊற்றப்படும், குளிர்பானமும் பருகப்படும். குளிர்பானத்தால் உண்டாகும் ஏப்பத்தோடு தீமை வெளியேறும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அயலார் இதனைக் கேட்டு நகைப்பர். நகைக்குமுன் அங்கே நிகழ்வதன் கருத்தைக் காணவேண்டும். சோட்சில் மக்களின் எண்ணப்படி, மனிதனுள் சுலெல் என்னும் ஆன்மா உள்ளது. அச்சத்தாலோ அயலாரின் பகையாலோ அதன் ஒரு பகுதி உடலை விட்டு அகன்றுபோகலாம். அகன்றதை மீட்டுத் தரும்படி புனிதரிடம் மன்றாட வேண்டும். மெழுகுவர்த்தியும் மதுவும் மணப்புகையும் கடவுளர்க்கும் புனிதர்க்கும் உரிய உணவு. கடன்பட்ட மனிதன் கடனைச் செலுத்துகிறான், கேட்கவேண்டியதைக் கேட்கிறான்.

அவ்வாலயத்தில் நான் கண்டவற்றுள் மிகவும் மனத்தில் தங்கியது அவர்களுடைய மன்றாட்டின் நீளம். அரை மணி நேரம், அதற்கு மேலும், ஒரு நோயாளிக்காக ஒரே மூச்சாக மன்றாடுகின்றனர். நம் ஆலயங்களில் நோயாளிகளுக்கென ஒதுக்கப்படும் நேரத்தை ஆயர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எவ்வாறு இந்நிலை உண்டாயிற்று?

இவ்வட்டாரத்திற்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர்கள் டொமினிக்கன் சபைத் துறவிகள். அவர்கள் 1545-இல், புதிதாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆயராகிய பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் அவர்களுடன் வந்தனர். இவரைத் திருச்சபை வரலாற்று வகுப்பில் நாம் அறிவோம். பூர்வகுடிகளை அடிமைகளாக வைத்திருந்த ஸ்பானியருக்குப் பாவமன்னிப்பு அளிக்கலாகாதென்று தம் குருக்களுக்குக் கட்டளையிட்டவர் அவர். 1528-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய நகரத்தார் அவரை வெறுத்தனர். அவர் தம் மறைமாவட்டத்தில் தங்கியிருந்த காலம் மிகக் குறுகியது. 1547-இல் ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1550-இல் ஆயர் பதவியைத் துறந்தார். அந்நகரம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

துறவிகள் சோம்பியிருக்கவில்லை. சோட்சில் மொழியைக் கற்று அகராதி தொகுத்தனர். அம்மொழியிலேயே மறைக்கல்வி புகட்டினர். ஆனால் இரண்டு கதவுகள் மூடியே இருந்தன. 1555-இல் கூடிய முதலாம் மெக்சிகோ மாகாணச் சங்கம் பூர்வகுடியினருக்குக் குருத்துவம் அளிப்பதைத் தடைசெய்தது. 1570-களில் மெக்சிகோவின் சமய விசாரணை மன்றம் திருமறைப் பகுதிகளைப் பூர்வகுடிகளின் மொழிகளில் பரப்புவதைத் தடுத்தது. இவ்வாறாகத் திருவிழா வந்தது, சுரூபம் வந்தது, திருமுழுக்கு வந்தது. திருமறையும் சொந்த இனத்துப் போதகரும் வரவில்லை. சமூலாவின் சோட்சில் வழக்கில் புதிய ஏற்பாடு கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. வெற்றிடம் அவ்வாறே நீடிப்பதில்லை. பிறர் விட்டுச்சென்ற பொருள்களைக்கொண்டு மக்கள் தமக்கென ஒரு சமயத்தைக் கட்டிக்கொண்டனர். அதற்குரிய ஊழியரையும் தாமே ஏற்படுத்திக்கொண்டனர்.

இதில் அரசியலும் கலந்திருந்தது. 1712-இல் அண்டைப் பகுதியாகிய கான்குக்கில் மரியாள் ஓர் இளம்பெண்ணுக்குத் தோன்றினாள் என்ற செய்தியிலிருந்து பெருங்கிளர்ச்சி ஒன்று மூண்டது. பூர்வகுடியினர் தம்முள்ளிருந்தே குருக்களை நியமித்தனர். ஸ்பானியப் படை அதனை அடக்கியது. 1867-இல் சமூலாவிலேயே, அகுஸ்தினா கோமெஸ் செச்செப் என்னும் இளம்பெண் வானத்திலிருந்து வீழ்ந்தவையெனக் கருதப்பட்ட கற்களைக் கண்டெடுத்தாள். அவை பேசுகின்றன என்று நம்பி மக்கள் திரண்டனர். அங்கே புதிய வழிபாட்டிடமும், அதனையொட்டிப் புதிய சந்தையும் தோன்றின. இந்தச் சந்தைதான் கவனிக்கத்தக்கது. தங்களுக்குச் சொந்தமான வழிபாடு கிடைத்தவுடன் மக்கள் நகரத்தாரின் சந்தையையும் குருவின் கட்டணங்களையும் புறக்கணித்தனர். நகரத்து வணிகர்க்கு அது பொறுக்கவில்லை. 1869-இலும் 1870-இலும் இராணுவம் ஏராளமானோரைக் கொன்றது. அவ்வியக்கத்தார் ஒரு சிறுவனைச் சிலுவையில் அறைந்தனர் என்று வெற்றிபெற்றோர் எழுதிவைத்தனர். அக்கதையைப் பிற்கால வரலாற்றறிஞர் ஐயுறுகின்றனர். அதனை மெய்யென்று நம் பிரசங்கங்களில் எடுத்தாளுதல் முறையன்று.

மெழுகுவர்த்தியும் கடனும்

ஒவ்வொரு புனிதருக்கும் ஆண்டுதோறும் ஓர் ஊழியக்காரர் நியமிக்கப்படுகிறார். மயோர்தோமோ எனப்படும் அவர், புனிதரின் ஆடைகளைப் பேணி, மலர்களை மாற்றி, விழாவன்று ஊரார்க்கு உணவும் மதுவும் வழங்க வேண்டும். இதற்கு ஊதியம் இல்லை. செலவு முழுவதும் அவருடையது. ஓராண்டு ஊழியத்திற்காகப் பல்லாண்டுகள் சேமிப்போரும், போதாமல் கடன்படுவோரும் உண்டு. பதவிகள் படிப்படியாக உயரும். அவற்றை ஏற்றுச் செலவிட்டு முடித்தவரே ஊரில் மதிப்புப் பெறுவார். ஒருவரிடம் செல்வம் மிகாமல் அதனை ஊராருக்குப் பகிர்ந்தளிக்கும் முறை இது என்று சிலர் புகழ்ந்தனர். அதில் உண்மை உண்டு. ஆனால் அப்பணம் இறுதியில் யார் கையைச் சென்றடைந்தது என்றும் கேட்கவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பசிபிக் கரையோரமாகிய சொகொனுஸ்கோவின் காப்பித் தோட்டங்களுக்குச் சமூலா ஆடவர் கூலிகளாகச் சென்றனர். ஆள்பிடிப்போர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்தனர். விழாச் செலவும் மதுவும் அக்கடனுக்கு வாயிலாயின. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த கதையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ரிகார்தோ போசாஸ் என்னும் மானிடவியலறிஞர் எழுதிய 'ஹுவான் பெரெஸ் ஹொலொத்தெ' என்னும் சமூலா மனிதரின் வாழ்க்கை வரலாறு, மது எவ்வாறு தந்தையிலிருந்து மகனுக்குத் தொடர்ந்தது என்பதை ஆரவாரமின்றிக் காட்டுகிறது. 1930-களில் அரசு, ஸ்பானிய மொழி அறிந்த இளைஞர் சிலரை ஊர் எழுத்தர்களாக்கி உயர்த்தியது. அவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நாளடைவில் சரக்குந்துகளையும் கடன்கொடுக்கும் தொழிலையும், மது, குளிர்பானம் ஆகியவற்றின் விற்பனையையும் தம் கையில் கொண்டனர். ஆளும் கட்சிக்கு ஊரின் வாக்குகளை ஒட்டுமொத்தமாக அளித்தவர்களும் அவர்களே. இவ்வாறு மெழுகுவர்த்தி ஏற்றுதல், மது அருந்துதல், விழா வரி செலுத்துதல் ஆகியவை பக்தியின் அடையாளங்களாகவும் சிலருடைய வருவாய்க்கு ஊற்றுகளாகவும் ஒருசேர விளங்கின.

1960-களில் சமூலாவில் முதன்முதலாகச் சிலர் நற்செய்தியை ஏற்றனர். குடிப்பதை நிறுத்தினர், மெழுகுவர்த்தி வாங்குவதை நிறுத்தினர், விழாவுக்குப் பணம் கொடுக்க மறுத்தனர். நோயுற்றால் மருந்தகத்திற்குச் சென்றனர். எபேசுவின் வெள்ளித் தட்டானாகிய தெமேத்திரியு தன் தொழிலாளரைக் கூட்டிப் பேசியதை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். அங்கே தேவியின் மகிமைக்கு முன்னதாக வருமானம் பேசப்படுகிறது. எபேசுவில் கலகம் சில மணி நேரத்தில் ஓய்ந்தது. சமூலாவில் அது பல ஆண்டுகள் நீடித்தது. 1974-இலும் 1976-இலும் பெருந்தொகையினர் வெளியேற்றப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன, நிலங்கள் பறிபோயின. முதல் விசுவாசிகளுள் ஒருவரும் தலைவருமாகிய மிகேல் கஷ்லான் 1981-இல் கொல்லப்பட்டார். நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் சமய உரிமையை உறுதிசெய்திருந்தும், ஊர்வழக்கம் என்று சொல்லி அதிகாரிகள் பெரும்பாலும் கைகட்டி நின்றனர்.

இக்கதையைப் புராட்டஸ்டண்டு இரத்தசாட்சிகளின் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. வெளியேற்றப்பட்டோருள் கத்தோலிக்கரும் இருந்தனர். 1960 முதல் நாற்பது ஆண்டுகள் அம்மறைமாவட்டத்தின் ஆயராயிருந்த சாமுவேல் ரூயிஸ் கார்சியா அவர்களின் மறைக்கல்வி ஆசிரியர்களைப் பின்பற்றி, குடியையும் ஊர்த் தலைவர்களின் ஆதிக்கத்தையும் எதிர்த்தவர்கள் அவர்கள். தேர்தலில் மாற்றுக் கட்சியை ஆதரித்தோரும் அதே கதியை அடைந்தனர். துரத்தியவர்களின் பார்வையில் இம்மூவரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள்: ஊர் ஒன்றாயிருக்கும் முறையிலிருந்து விலகினர்.

மறுபுறம், எல்லாவற்றையும் பொருளாதாரமாக்கி விளக்கிவிடுவோரும் தவறுகின்றனர். பைன் இலைகளின்மீது முழந்தாளிட்ட தாய் எந்தச் சாராய வணிகனுக்காகவும் முழந்தாளிடவில்லை. ஊரைவிட்டு வெளியேறியவனும் மெழுகுவர்த்திச் செலவை மிச்சப்படுத்துவதற்காக வெளியேறவில்லை. மிச்சப்படுத்தியதைவிட அவன் இழந்தது பன்மடங்கு.

பவுலின் அனுமதியும் சமூலாவும்

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களைச் சமூலாவை மனத்திற்கொண்டு வாசித்தால் ஒரு புதிய இடர்ப்பாடு தென்படும். கடையில் விற்கப்படும் எதனையும் மனச்சாட்சியின் நிமித்தம் விசாரியாமல் வாங்கி உண்ணலாம் என்று அப்போஸ்தலர் அனுமதிக்கிறார். கோயிற் பந்தியில் அமர்வதை மட்டும் விலக்குகிறார். இவ்வறிவுரை ஒரு செய்தியை முன்னதாகவே ஏற்றுக்கொண்டு பேசுகிறது: சந்தை வேறு, கோயிற் பந்தி வேறு, பந்தியிலிருந்து எழுந்துவிட்ட விசுவாசி நாளைக் காலை சந்தைக்குச் செல்லலாம். கொரிந்து ஒரு பெருநகரம். அங்கே அது இயலும். சமூலாவில் சந்தைக்கும் பந்திக்கும் இடையே சுவர் இல்லை. மெழுகுவர்த்தி வாங்காதவனிடம் மக்காச்சோளம் வாங்குவாரும் இல்லை. விழாவில் பங்குகொள்ளாதவனுக்கு நிலத்தின் எல்லைத் தகராற்றில் சாட்சி சொல்வாரும் இல்லை. ஞாயிறன்று ஊராட்சி மன்றத்தின் முன் கம்பளி அங்கியுடனும் கைக்கோலுடனும் அமர்ந்து வழக்குத் தீர்ப்போரே விழாக்களின் காவலரும் ஆவர். இறந்தபின் இடிந்த பழைய ஆலயத்தைச் சூழ்ந்துள்ள கல்லறைத் தோட்டத்தில் முன்னோருடன் துயிலும் உரிமையும் கேள்விக்குள்ளாகிறது.

அப்படியானால் புதிய விசுவாசி எதனை விடவேண்டும், எதனை விடாமற் பற்றிக்கொள்ள வேண்டும்? இதில் மிஷனெரிகள் எல்லோரும் ஒரே கருத்தினராயிருந்திருக்க இயலாது. குடியை விட்டது அக்குடும்பங்களுக்கு விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. சந்தைப் பணத்தைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வரும் கணவனுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அது நற்செய்தியின் முதல் அதிகாரம். ஆனால் ஒருவரோடொருவர் செலவைப் பகிரும் கடமை, முன்னோரின் கல்லறைக்கு மலர் கொண்டுசெல்லுதல், நெடுநேரம் மன்றாடும் பழக்கம் ஆகியவையும் அதே மூட்டையில் கட்டி எறியப்பட வேண்டியவையா என்பது வேறு வினா. வெளியேற்றம் விரைந்து நிகழ்ந்ததால், அவ்வினாவை அமர்ந்து ஆராய அச்சபைக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஊரை இழந்தவன் முதலில் கூரை தேடுவான். பண்பாட்டு இறையியலைப் பின்னரே தேடுவான்.

வெளியேறியோர் சான் கிறிஸ்டோபல் நகரின் வடபுறத்தில் குடியேறினர். அங்கே உருவான குடியிருப்புகளுள் ஒன்றின் பெயர் நுவேவா எஸ்பெரான்சா. புதிய நம்பிக்கை என்பது அதன் பொருள். வேறு சிலர் தெயோப்பிஸ்கா வட்டத்தில் பெத்தானியா என்னும் பெயரால் ஓர் ஊரை அமைத்தனர். ஒரு காலத்தில் பூர்வகுடியினர் நடைபாதையில் நடப்பதையும் விரும்பாத அந்நகரத்தில், இன்று காய்கறிச் சந்தையின் பெரும்பகுதி சோட்சில் வணிகர் கையில் உள்ளது. ஒரு சந்தையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இன்னொரு சந்தையைத் தமதாக்கிக்கொண்டனர். புராட்டஸ்டண்டு சபைகள் பலவாகப் பெருகின. பிரிவினைகளும் பெருகின, அதனை மறைப்பதற்கில்லை. 1990-களிலிருந்து அவர்களுள் ஒரு சிறு பகுதியினர் இஸ்லாம் சமயத்தையும் தழுவியுள்ளனர்.

1994-க்குப் பின்னர்ச் சிலர் தம் சிற்றூர்களுக்குத் திரும்பத் தொடங்கினர். சமூலாவின் சில பகுதிகளில் இன்று புராட்டஸ்டண்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் திரும்பியவர்முன் பழைய வினா வேறு உருவில் நிற்கிறது. பாதை அமைக்கவும் தண்ணீர்க் குழாய் இடவும் பள்ளிக்கூடம் பழுதுபார்க்கவும் ஊர் பணம் திரட்டும். மெழுகுவர்த்திக்கும் வாணவெடிக்கும் அதே ஊர்தான் பணம் திரட்டும். முன்னதைக் கொடுத்துப் பின்னதை மறுப்பேன் என்று விசுவாசி சொல்லலாம். ஆனால் கணக்கெழுதுபவர் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுகிறார். விழாப் பங்கைக் கொடாத குடும்பங்களின் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்ட நிகழ்ச்சிகள் சியாப்பாசிலும், ஹிதால்கோ முதலிய பிற மாநிலங்களிலும் அண்மை ஆண்டுகள்வரை நிகழ்ந்துள்ளன. அத்தகைய ஊர்களில் ஊழியம் செய்யும் போதகர், ஆண்டுதோறும் விழாக் காலம் நெருங்கும்பொழுது, தம் சபையாரில் யார் எவ்வளவு கொடுப்பது, எதற்கென்று சொல்லிக் கொடுப்பது என்பதை வீடு வீடாகச் சென்று பேசித் தீர்க்க வேண்டியுள்ளது.